ஹாம்லெட்டின் ஐயமும் வஞ்சமும்

ஐயம், தயக்கம், காலத்தாழ்வு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பினும் ஒன்றல்ல. ஐயம் அறிவைப் பற்றியது. தயக்கம் உள்ளத் துணிவைப் பற்றியது. காலத்தாழ்வு செயலைப் பற்றியது. ஐயுற்றவன் தயங்காமலே செயலில் இறங்குதல் உண்டு. ஐயமே இல்லாதவன் வாய்ப்பு நோக்கிக் காலம் தாழ்த்தலும் உண்டு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைப் பற்றி இருநூறு ஆண்டுகட்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சியில் இம்மூன்றும் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கின்றன என்பது எம் கருத்து. தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கும் கடமை பூண்ட இளவரசன் ஏன் உடனே வாளை உருவவில்லை என்னும் ஒரு வினாவே மீண்டும் மீண்டும் கேட்கப்படுகின்றது. அவன் காத்திருந்த காலத்தில் என்ன செய்தான் என்னும் வினா அத்துணை அழுத்தமாகக் கேட்கப்படவில்லை. அவன் வாளா இருந்தான் அல்லன். பித்தன் போல நடித்தான். அரசன் முன் கூத்தொன்று நடத்தினான். திரைக்குப் பின் நின்றவனைக் குத்தினான். பொய் ஓலை எழுதி முத்திரையும் இட்டான். நாடகம் முடியுமுன் ஐவர் அவனுடைய கையாலோ எழுத்தாலோ மாள்கின்றனர். அவ்வைவருள் ஒருவனே அவன் கொல்லக் கடமைப்பட்டவன். தயங்கியவன் என்று பெயர் பெற்றவனின் கணக்கு இது.

முன்னோர் கூறியவற்றை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மென்மையான உள்ளத்தின் மேல் தாங்கொணாக் கடமை ஏற்றப்பட்டது என்பது கெதே தம் வில்லெம் மைஸ்டர் புதினத்தில் (1795–96) தந்த விளக்கம். சிந்தனை மிகுந்து செயலாற்றல் குன்றியது என்பர் கோல்ரிட்ஜ். தந்தையின் சாவாலும் தாயின் விரைந்த மறுமணத்தாலும் நேர்ந்த ஆழ்ந்த மனச்சோர்வே காரணம் என்பர் பிராட்லி (1904). சிற்றப்பன் செய்த செயல் ஹாம்லெட்டின் அடிமன விழைவே ஆதலின் அவனைத் தண்டிக்கக் கை எழவில்லை என்று உளநூல் வழிநின்று கூறினர் எர்னஸ்ட் ஜோன்ஸ் (1949). இவை நான்கும் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் ஒன்றில் உடன்பட்டன: குறை ஹாம்லெட்டின் உள்ளத்தில் உள்ளது, அவன் அறிய வேண்டியவற்றை முன்னரே அறிந்துவிட்டான். இப்பிற்கூற்று உண்மையா என்பதே நாம் முதற்கண் பார்க்க வேண்டுவது.

பழங்கதையில் இச்சிக்கல் இல்லை. டேனிய வரலாற்றாசிரியர் சாக்ஸோ கி. பி. 1200ஐ ஒட்டி இலத்தீனில் எழுதிய நூலில் வரும் ஆம்லெத் என்பானின் தந்தையை அவன் சிற்றப்பன் கொன்றது ஊரறிந்த செய்தி. ஆகவே மகனுக்கு ஐயுறுதற்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு உள்ளது உயிரச்சமே. பித்தன் போல நடித்தால் தன்னைப் பொருட்படுத்தாது விடுவர் என்று கருதி நடிக்கின்றான். அந்நடிப்பு அவனுக்குக் கேடயம். இக்கதை பிரெஞ்சு ஆசிரியர் பெல்பொரே வாயிலாக ஆங்கில மேடையை அடைந்தது. ஷேக்ஸ்பியருக்கு முன்பே இப்பெயரில் ஒரு நாடகம் இருந்தது என்பதற்கு 1589இல் தாமஸ் நாஷ் எழுதிய குறிப்புச் சான்றாகின்றது.

ஷேக்ஸ்பியர் வடிவிலோ கொலை மறைவானது. தோட்டத்தில் துயின்றவனைப் பாம்பு தீண்டிற்று என்றே நாடு நம்புகின்றது. உண்மையைக் கூறுவது இறந்தவனின் ஆவி ஒன்றே. அது கூறுவதும் மகன் செவிக்கு மட்டுமே. இம்மாற்றத்தால் இரண்டு விளைவுகள் உண்டாயின. ஒன்று, ஹாம்லெட்டின் பித்து நடிப்புக்குத் தேவை இல்லாமற் போயிற்று. தன்னை ஐயுறாத அரசன் முன் பித்தன் வேடம் பூணுதல் ஐயத்தை நீக்காது, ஐயத்தை வருவிக்கும். அவ்வாறே நிகழ்கின்றது: மகனுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிய அரசன் ஒற்றர்களை அமர்த்துவது அப்பித்தைக் கண்ட பின்னரே. கேடயமாக இருந்தது இங்கே பறையாக மாறிவிட்டது. மற்றொன்று, ஐயம் கதைக்குள் புகுந்தது. புகுத்தியவர் ஷேக்ஸ்பியரோ அவருக்கு முன் எழுதியவரோ, அதனைப் பயன்கொண்டவர் ஷேக்ஸ்பியரே.

அவ்வையம் வெறுஞ்சாக்கா? அன்று என்பதே எம் துணிபு. ஹாம்லெட் கல்வி பயின்ற விட்டன்பர்க் 1517 முதல் லூத்தரின் பெயரோடு பிரியாது இணைந்த ஊர். ஆவியோ தன் பாவங்கள் எரிந்து தூய்மையுறுங்காறும் தீயில் வருந்துவதாகக் கூறுகின்றது. அஃதாவது கத்தோலிக்கர் நம்பிய இடைநிலை உலகத்தினின்று வருவதாகக் கூறுகின்றது. அவ்வுலகம் உண்டு என்பதை ஆங்கிலத் திருச்சபை தன் முப்பத்தொன்பது கோட்பாடுகளில் வெளிப்படையாக மறுத்திருந்தது. இறந்தாரின் உருவில் வருவது பெரும்பாலும் பேயே என்று கூறும் லாவாட்டர் என்பாரின் நூல் 1572இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அக்காலத்து அவையோரில் பலர், ஆவியின் சொல் மெய்யானதாயினும் அது கொலைக்குத் தூண்டுவதைக் கொண்டே ஐயுற்றிருப்பர். இத்தகைய ஒன்றின் சொல்லை நம்பி ஓர் அரசனைக் கொல்பவன் அறிவுடையவன் ஆகான்.

ஆயினும் ஹாம்லெட்டின் பக்கம் முழுதும் சாய்ந்துவிடுவதற்கும் நூல் இடம் தரவில்லை. ஆவியைக் கண்ட இரவில் அவன் ஐயுறவில்லை. அது மெய்யான ஆவியே என்று தோழரிடம் உறுதி கூறுகின்றான். ஐயம் முதன்முதலாக வாய்ச்சொல்லாக வருவது இரண்டாம் அங்கத்தின் இறுதியில்தான். அதற்குள் ஏறத்தாழ இரண்டு திங்கள் கழிந்துவிட்டன என்பதைக் கூத்து நிகழும் களத்தில் ஒபீலியா கூறும் கணக்கால் அறிகின்றோம். அத்தனிமொழியின் அமைப்பையும் நோக்குக. முதலில் தன்னைக் கோழை என்றும் கூலிக்கு அழுபவனினும் தாழ்ந்தவன் என்றும் பழித்துக்கொள்கின்றான். பின்பு கூத்து நடத்தும் சூழ்ச்சி அப்போதே தோன்றியது போலப் பேசுகின்றான். சற்று முன்னரே நடிகனிடம் அதனை ஏற்பாடு செய்து முடித்துவிட்டவன் அவன். எல்லாவற்றிற்கும் பின்னரே, ஆவி பேயாக இருத்தல் கூடும் என்கின்றான். எனவே அவ்வையம் கூத்து நடத்தியதற்குக் காரணம் ஆகும். கழிந்த இரண்டு திங்களுக்குக் காரணம் ஆகாது. பிராட்லியின் விளக்கம் இவ்விடைவெளிக்குப் பொருந்துவது போல வேறெதுவும் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே களத்தில் அவன் நடிகனைக் கேட்டு வாங்கும் பகுதி எது என்பதும் சிந்தனைக்குரியது. தந்தை அக்கிலீசைக் கொன்றதற்குப் பழிவாங்க டிராய் நகருட் புகும் பைரஸ், முதிய பிரியம் மன்னனை வெட்டும் பகுதி அது. அங்கே பழிவாங்கும் மகன் உறைந்த குருதி பூசிய அரக்கனாகக் காட்டப்படுகின்றான். ஓங்கிய வாள் சிறிதுநேரம் அந்தரத்தில் நிற்கின்றது, பின் இறங்குகின்றது. அதனைக் கேட்டு ஹாம்லெட் ஏங்குவது பைரஸின் துணிவுக்காக அன்று, கணவனை இழந்த எக்குபாவுக்காக நடிகன் சிந்திய கண்ணீருக்காக. பழிவாங்குதலின் முகம் எத்தகையது என்பதை அவன் அறிவான்.

இனி வஞ்சத்திற்கு வருவோம். ஹாம்லெட் பித்தன் வேடம் பூண உறுதி கொண்ட களத்தை அடுத்து ஷேக்ஸ்பியர் வைத்த களம் பலராலும் மேடையில் வெட்டி எறியப்படுவது. பொலோனியஸ் தன் மகன் பாரிசில் எவ்வாறு ஒழுகுகின்றான் என்று அறிய ரெனால்டோ என்னும் ஏவலனை அனுப்புகின்றான். மகனைப் பற்றிச் சிறுசிறு பொய்ப்பழி கூறினால் கேட்போர் உண்மையைக் கக்குவர் என்று கற்பிக்கின்றான். பொய்யைத் தூண்டிலில் இட்டு மெய்யைப் பிடித்தல் எல்சினோர் அரண்மனையின் வழக்கம். தாயிடம், தோற்றம் என்பதையே தான் அறியேன் என்னும் பொருள்பட முதலங்கத்தில் பேசிய ஹாம்லெட் அதே முறையைத்தான் கைக்கொள்கின்றான். அவன் நடத்தும் கூத்தும் ஒரு தூண்டிலே. அதற்கு அவன் இட்ட பெயரும் எலிப்பொறி.

அப்பொறி எதனைப் பிடித்தது? வாய்ப்பேச்சின்றி நிகழும் முற்கூத்தில் துயில்வோனின் செவியில் நஞ்சு வார்க்கப்படுவதை அரசன் காண்கின்றான், அசையவில்லை. 1917இல் கிரெக் என்னும் அறிஞர் இவ்வசையாமையைச் சுட்டி, ஆவி கூறிய கொலைமுறையே ஹாம்லெட்டின் மயக்கம் என்று வாதிட்டார். அவருக்கு விடை கூறவே டோவர் வில்சன் 1935இல் ஒரு நூல் எழுதினார். அரசன் முற்கூத்தைக் கவனியாது பேசிக்கொண்டிருந்தான் என்பது அவர் விடை. நூலில் அதற்குக் குறிப்பு ஏதும் இல்லை. எமக்குத் தோன்றுவது வேறு. வாய்ப்பேச்சோடு கூடிய கூத்தில் கொலைஞன் தோன்றும்போது ஹாம்லெட் அவனை இன்னான் என்று அவைக்கு அறிவிக்கின்றான்: அரசனின் தம்பி அல்லன், அரசனின் உடன்பிறந்தார் மகன். கிளாடியஸ் செய்தது தமையனைக் கொன்றது. அவை கண்டதோ உடன்பிறந்தார் மகன் அரசனைக் கொல்லும் காட்சி. அரசனுக்கு ஹாம்லெட் அம்முறையே ஆவான். ஆதலின் அக்கூத்துப் பழையதொரு கொலையைக் காட்டுகின்றதா, வரப்போகும் கொலையை அச்சுறுத்துகின்றதா என்று பிரித்தறிய முடியாது. நஞ்சு வார்த்ததைப் பொறுத்தவன் இதனைக் கண்ட பின் எழுந்து விளக்குக் கேட்கின்றான். குற்றவுணர்ச்சியால் எழுந்தானா, உயிரச்சத்தால் எழுந்தானா? குற்றமற்ற அரசனும் அந்நிலையில் எழுந்திருப்பான்.

ஹாம்லெட்டோ பொன் வென்றவன் போலக் களிக்கின்றான். ஹொரேஷியோ நன்கு நோக்கினேன் என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றான். குற்றம் உறுதிப்பட்டது என்று அவன் வாய் கூறவில்லை. அரசன் குற்றவாளி என்பதில் நமக்கு ஐயமில்லை. மூன்றாம் அங்கத்தின் முதற்களத்திலேயே பொலோனியஸின் சொல்லொன்று தைத்து, தன் நெஞ்சச் சுமையை அவன் தனக்குள் கூறிக்கொள்வதைக் கேட்டுவிட்டோம். ஹாம்லெட் கேட்கவில்லை. அவனைக் காலம் தாழ்த்தினான் என்று குறைகூறும் திறனாய்வாளரிற் பலர் தாம் அறிந்ததை அவனும் அறிவான் என்று வைத்துக்கொண்டே குறை கூறுகின்றனர். மேலும், பொறி வைத்தவன் யார் என்று எலிக்குத் தெரிந்துவிட்டது. இதன்பின் முதல்நகர்வு அரசனுடையது. முன்பே எண்ணியிருந்த இங்கிலாந்துப் பயணம் கொலை ஓலையோடு கூடிய பயணமாகப் பின்னர் வெளிப்படுகின்றது.

அரசன் முழந்தாளிடும் களம் இந்நாடகத்தின் நடுக்கண். தமையன் கொலையைத் தானே ஒப்புக்கொண்டும், அக்கொலையால் பெற்ற முடியையும் அரசியையும் விட மனமின்றி, மன்னிப்பை வேண்டவும் இயலாது கிளாடியஸ் தவிக்கின்றான். அவன் பேசி முடித்து மண்டியிட்ட பின்னரே ஹாம்லெட் வருகின்றான். ஆகவே நாடு முழுதும் தேடிய சான்று அவன் செவிக்குச் சில நொடி முன்னதாகச் சொல்லி முடிக்கப்பட்டுவிட்டது. வாளை உருவுகின்றான், நிறுத்துகின்றான். வழிபாட்டில் இருப்பவனைக் கொன்றால் அவன் உயிர் வானுலகு புகும். பாவத்தில் ஆழ்ந்திருக்கும் வேளை பார்த்து வெட்டி நரகிற்கு அனுப்ப வேண்டும் என்று எண்ணி உறையில் இடுகின்றான். அவன் சென்றதும் எழும் அரசன், தன் சொல் மேலே சென்றும் நெஞ்சம் உடன் செல்லவில்லை என்று ஒப்புகின்றான். அப்போதே வெட்டியிருந்தால் ஹாம்லெட் விரும்பிய வண்ணமே முடிந்திருக்கும். தோற்றத்தை நம்பேன் என்றவனை ஒரு தோற்றம் ஏமாற்றிவிட்டது.

அவன் கூறும் அக்காரணம் மெய்யா? சாமுவேல் ஜான்சன் 1765ஆம் ஆண்டுப் பதிப்பில், படிக்கவும் சொல்லவும் கூசத்தக்க கொடுமை என்று அதனை மெய்யாகவே கொண்டு வெறுத்தார். கோல்ரிட்ஜ் முதலாயினார் அவ்வெறுப்பினின்று ஹாம்லெட்டைக் காக்க விழைந்து, அது தயக்கம் தேடிய சாக்கு என்றனர். கைவராமைக்கு அறிவு கட்டிய பொய் என்றால், அவன்பால் நமக்குள்ள அன்பு குறையாது. நல்லெண்ணமுடைய விளக்கமே; ஆயினும் நாடகத்தின் பிற்பகுதி அதற்கு இடம் தரவில்லை. அதனைக் காண்பதற்கு நாம் கப்பலுக்குச் செல்ல வேண்டும். இடையில் பொலோனியஸின் சாவு உள்ளது. திரைக்குப் பின் ஒலி எழுந்த நொடியில், யார் என்று பாராது குத்துகின்றான். அரசனோ என்று பின்னரே கேட்கின்றான். ஐயமே உருவானவன் எனப்படுவான் கண்ணாற் காண்பதற்குங்கூடக் காத்திருக்கவில்லை.

இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலில் உறக்கம் வாராது எழுந்து, உடன் வரும் ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டேர்ன் என்னும் பழந்தோழர்களின் பையை இருளிற் துழாவி அரச ஓலையை எடுக்கின்றான். தன் தலையை வெட்டப் பணிக்கும் ஓலை அது. அதனை வைத்துக்கொண்டு வேறொன்று எழுதுகின்றான். அழகிய கையெழுத்தை இழிவென்று கருதிய தனக்கு அன்று அது உதவிற்று என்று பெருமிதத்தோடு ஹொரேஷியோவிடம் கூறுகின்றான். தந்தையின் முத்திரை மோதிரம் கையில் இருந்ததை இறைவன் அருள் என்கின்றான். கொண்டுவருவோரை உடனே கொல்க என்பது பொய்யோலையின் கட்டளை. அத்துடன் அவன் நிறுத்தவில்லை. பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறவும் அவர்கட்கு நேரம் தரலாகாது என்று சேர்த்து எழுதுகின்றான்.

இச்சேர்க்கை எதற்கு? அவன் தப்புவதற்கு அத்தொடர் தேவையில்லை. உடனே கொல்க என்பதே போதும். ஆவி முதலங்கத்தில் கூறிய முறையீடுகளுள் கொடியது எது என்று நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். உயிரும் முடியும் மனைவியும் பறிபோனதை மட்டும் அது கூறவில்லை. இறுதிச் சடங்கின்றி, மன்னிப்பின்றி, பாவங்களோடு தான் அனுப்பப்பட்டதை எல்லாவற்றினும் கொடிது என்று அலறிற்று. அக்கொடுமையையே மகன் முழந்தாளிட்ட அரசனுக்கு நினைத்தான், தோழர்க்குச் செய்தான். ஒருமுறை எண்ணமாகவும் மறுமுறை செயலாகவும் வருவதைச் சாக்கு என்று தள்ளுதல் இயலாது. முழந்தாளிட்ட களத்தில் ஹாம்லெட் கூறியது அவன் உள்ளக் கருத்தே. ஜான்சன் அஞ்சியது வீண் அன்று. தந்தைக்கு இழைத்த தீமைக்குப் பழிவாங்கப் புறப்பட்டவன் அத்தீமையையே கற்றுக்கொண்டான். அதற்குத் தந்தையின் முத்திரையையும் இட்டான்.

தோழர்கள் தாம் கொண்டு சென்ற ஓலையின் பொருளை அறிந்திருந்தனர் என்பதற்கு நாடகத்தில் சான்று இல்லை. அவர்கள் அரசனுக்காக ஒற்றறிந்தனர், அது குற்றமே. ஆனால் சாவுக்குரிய குற்றம் அன்று. அவர்கள் சாவைக் கேட்டு ஹொரேஷியோ ஒரு தொடரில் தன் கலக்கத்தைக் காட்டுகின்றான். அவர்கள் அவ்வேலையைத் தாமே விரும்பிக் காதலித்தனர் என்று ஹாம்லெட் விடை கூறுவது 1623ஆம் ஆண்டுப் பெரும்பதிப்பில் மட்டும் உளது. 1604–05ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வடி இல்லை. அதில் அவன் தன் மனச்சான்றை அவர்கள் தொடவில்லை என்று நேரே கூறிவிடுகின்றான். மறுதலையாக, காலத்தாழ்வுக்காக அவன் தன்னை நொந்துகொள்ளும் நான்காம் அங்கத்துத் தனிமொழி 1604–05ஆம் ஆண்டுப் பதிப்பில் மட்டும் உளது, பெரும்பதிப்பில் இல்லை. தயங்கும் ஹாம்லெட்டையே வற்புறுத்துவோர் பெரிதும் சார்ந்து நிற்கும் பகுதி ஒரு பதிப்பில் இல்லாமலே நாடகம் நடந்தது என்பது நினைவில் இருத்தல் வேண்டும்.

லேயர்ட்டீஸ் தயக்கமற்ற மகன். தந்தை இறந்த செய்தி கேட்டதும் கூட்டத்தோடு அரண்மனையை உடைத்துப் புகுகின்றான். கோயிலுள்ளும் ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கின்றான். ஐயமின்மையால் அவன் பெற்ற பயன் யாது? உண்மையை ஆராயாத அவனை அரசன் ஒரு நாழிகையில் தன் கருவி ஆக்கிக்கொள்கின்றான். ஐயுற்றவனும் ஐயுறாதவனும் ஒரே நஞ்சு தோய்ந்த வாளால் மடிகின்றனர்.

வாட்போருக்கு முன் ஹாம்லெட் லேயர்ட்டீஸிடம் பொறுத்தல் வேண்டுகின்றான். பொலோனியஸைக் கொன்றது தான் அன்று, தன் பித்து என்கின்றான். பொலோனியஸின் உடல் கிடந்த அறையிலேயே, தான் பித்தன் அல்லன், சூழ்ச்சியால் பித்தன் என்று தாயிடம் கூறியவன் இவன். இவ்விடத்தில் வேறொரு விடை கூறியிருக்கலாகாதா என்று ஜான்சன் வருந்தினர். வருந்தத்தக்கதே. முழுப் பொய் என்று கூறவும் மனம் துணியவில்லை. நெடுநாள் பூண்ட வேடம் எந்த இடத்தில் முகமாயிற்று என்பதை அவனும் அறியான் போலும். பம்மல் சம்பந்த முதலியார் அமலாதித்யன் என்னும் பெயரில் இந்நாடகத்தைத் தமிழ் மேடைக்கு ஆக்கியபோது நடிகர்க்கு மிக அரிதாக இருந்திருக்கக்கூடிய இடமும் இதுவே என்று எண்ணுகின்றோம்: உண்மையாகப் பேசுவது போல நடிப்பதா, நடிப்பது போல உண்மையாகப் பேசுவதா?

இறுதியில் கிளாடியஸ் குத்தப்படுகின்றான், நஞ்சும் ஊட்டப்படுகின்றான். அந்நொடியில் ஹாம்லெட்டின் வாயில் வருவது தாயின் பெயர். தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவையோர் அரசதுரோகம் என்று கூவுகின்றனர். பழைய கொலையைப் பற்றி அவர்கள் இன்னும் ஒன்றும் அறியார். ஆகவே ஹாம்லெட் நஞ்சுண்டு சாக விழையும் ஹொரேஷியோவைத் தடுத்து, தன் கதையை உலகிற்கு உள்ளவாறு கூறுமாறு வேண்டி மடிகின்றான். அவ்வேளையில் இங்கிலாந்துத் தூதர் வந்து, அரசன் ஆணைப்படி ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டேர்னும் கொல்லப்பட்டனர் என்று அறிவிக்கின்றனர். ஹாம்லெட் கொடுத்த மெய்யோலை ஹொரேஷியோவிடம் உளது. பொய்யோலை எழுதிய கை எது என்பதும் அவனுக்குத் தெரியும். அரசன் அவர்களைக் கொல்ல ஆணையிடவில்லை என்று மட்டும் அவன் அத்தூதர்க்கு விடை கூறுகின்றான். ஆணையிட்டவன் யார் என்பதை அங்கே கூறவில்லை.